உப்புக் காற்றும் சிலாப் வெயிலும்: வேர்ப் பங்கசுவைக் கொண்டு பயிரைக் காப்பது எப்படி?

கொழும்பில் வருஷத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இங்கே பயிருக்கு வறட்சியா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்களை பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேலே கூட்டிக்கொண்டு போவேன். வெள்ளவத்தையில் நான்கு மாடிக்கு மேலே சிலாப், அதாவது கொங்கிரீட் மொட்டைமாடி; அதில் முப்பது சாடி. காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்த கத்தரிக் கன்றுகள் எல்லாம் ஈரத் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். நிலத்தில் நிற்கும் செடிக்கு வறட்சி வர வாரக்கணக்கு எடுக்கும். 10 லீற்றர் சாடியில் நிற்கும் செடிக்கு ஒரே பகல் போதும்.

உப்பும் அப்படித்தான். தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கினால் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிவது, குளிரூட்டியின் வெளிப்பெட்டி இரண்டு வருஷத்தில் துருப்பிடிப்பது எல்லாம் அந்தக் காற்றின் வேலைதான். அதே உப்பு இலையிலும் மண்ணிலும் இறங்குகிறது. ஆனால் மாடித்தோட்டத்தின் உப்பில் பெரும்பங்கு கடலிலிருந்து வருவதில்லை. நாமே காசு கொடுத்து வாங்கும் தும்புத்தூளிலும், கை தாராளமாகப் போடும் பசளையிலும் அது வருகிறது. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இந்த இரண்டு தொல்லைக்கும் மண்ணிலேயே ஒரு கூட்டாளி இருக்கிறது: வேரோடு கூடி வாழும் பங்கசு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதை வேர் உட்பூசணம் என்றும் வேம் என்றும் எழுதுவார்கள். இங்கே பாடசாலையில் படித்தவர்களுக்குப் பங்கசு என்ற சொல்தான் பழக்கம், அதையே வைத்துக்கொள்கிறேன். பொதுப்பெயர் மைக்கோரைசா. ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885 இல் இந்தப் பெயரை வைத்தார். பங்கசுவுக்கும் வேருக்கும் இடையிலான கூட்டோ அதைவிட மிகவும் பழையது: 40 கோடி ஆண்டுக்கு முந்திய ஸ்கொட்லாந்துப் புதைபடிவங்களிலேயே அதன் தடயம் கிடைத்திருக்கிறது.

அது என்ன செய்கிறது?

நமக்கு வேண்டிய வகையின் இழைகள் வேரின் தோலுக்குள் புகுந்து, கலங்களுக்குள்ளே சின்ன மரம் மாதிரிக் கிளை விடும். அங்கேதான் கொடுக்கல் வாங்கல் நடக்கும். செடி தான் தயாரிக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைக் கொடுக்கிறது. கணக்கிட்டவர்கள் அதை 4 முதல் 20 சதவீதம் வரை என்கிறார்கள். பதிலுக்குப் பங்கசு பொசுபரசு, துத்தநாகம், கொஞ்சம் நைதரசன், கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். அதன் இழை வேர்மயிரைவிட மெலிது, சில மைக்ரோமீற்றர்தான். வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் அது நுழையும். பொசுபரசு மண்ணில் ஓடித் திரியாத சத்து. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருப்பது தீர்ந்தால் செடி பட்டினிதான். இழையோ பல சென்ரிமீற்றர் தாண்டிப் போய் எடுத்து வரும்.

தண்ணீரைப் பங்கசு குழாய் போலக் கொண்டுவந்து கொட்டும் என்று நினைக்கக் கூடாது. இழை வழியாக நீர் வேருக்குப் போவது உண்மை. 2022 இல் வெளியான ஓர் ஆய்வு அதை அடையாளமிட்ட நீரை வைத்தே காட்டியது. ஆனால் வறட்சியில் கிடைக்கும் பயனின் பெரும்பகுதி மற்றக் காரணங்களால் வருகிறது: செடிக்கு ஊட்டம் நன்றாக இருக்கிறது, இலைத்துளைகளை நேரத்துக்கு மூடித் திறக்கிறது, வேரின் கலங்கள் நீரை உள்ளே விடும் வழிகள் சீராக வேலை செய்கின்றன. மண்ணும் மாறும். இழைகளும் அவற்றோடு சேர்ந்த பிசின் போன்ற புரதமும் மண் துகள்களைச் சிறு கட்டிகளாக ஒட்டிவைக்கும். அந்தப் புரதத்துக்கு குளோமலின் என்று பெயர். அமெரிக்க விவசாயத் துறையின் விஞ்ஞானி சாரா ரைட் 1996 இல் கண்டுபிடித்தது.

உப்பு மண்ணில் நடப்பது இன்னும் சுவாரசியம். சோடியமும் பொட்டாசியமும் வேரின் வாசலில் ஒன்றோடொன்று போட்டி போடும். பங்கசு கூடிய செடியின் இலையைச் சோதித்தால் பெரும்பாலும் பொட்டாசியம் கூடியும் சோடியம் குறைந்தும் இருக்கும். சோடியத்தில் ஒரு பகுதி வேரிலும் இழையிலுமே தங்கிவிடுகிறது. ஆனால் பங்கசுவுக்கும் ஓர் எல்லை உண்டு. உப்பு மிகவும் கூடினால் அதன் வித்திகளே, அதாவது விதை மாதிரி அது பரவ உதவும் நுண் உருண்டைகளே, முளைக்கத் தயங்கும். ஆகவே மிதமான உப்புக்குத்தான் இது மருந்து. உப்பளத்தில் தக்காளி வளர்க்க உதவாது.

முதலாம் படி: எந்தப் பயிருக்கு என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் நான் ஒரு போகத்தை வீணாக்கினேன். கடையில் ஒரு பைக்கட் வாங்கி, ஆசை ஆசையாக முளைக்கீரைப் பெட்டியில் கலந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பைக்கட்டைத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, முளைக்கீரைக் குடும்பம் இந்தப் பங்கசுவை வீட்டுக்குள் சேர்ப்பதே அரிது. முளைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் ஒரு கூட்டம். கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு, கோலிஃபிளவர் இன்னொரு கூட்டம். இவற்றுக்குப் போடுவது வீண் செலவு.

மற்றபடி நம் வீட்டுத்தோட்டத்தின் பெரும்பகுதி இதற்கு உகந்ததுதான். தக்காளி, கத்தரி, மிளகாய், கறிமிளகாய், வெண்டி, பயற்றை, போஞ்சி, பாகல், புடோல், சோளம், வாழை, பப்பாசி, எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை, மல்லிகை என்று பட்டியல் நீளும். வெங்காயமும் லீக்ஸும் வேர்மயிர் குறைந்த பயிர்கள், ஆகவே அவை பங்கசுவை நம்பியே வாழும். எலுமிச்சையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இரண்டாம் படி: உப்பை அளந்து, கழுவுங்கள்

குடிநீர் வடிகட்டிக்காரர்கள் கொண்டு திரியும் பேனா மாதிரியான ரி.டி.எஸ். மீற்றர் ஒன்று போதும், நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கருவி. இந்த வழிகாட்டியில் நான் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் கலட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. உப்பு மிகவும் குறைவு. என் மீற்றரில் அது இரண்டு இலக்கத்தைத் தாண்டியதில்லை. கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் வேறு கதை, மழை இல்லாத மாதங்களில் சட்டென்று ஏறும். கிணறு வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

அப்புறம் சாடி. நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, அடியில் ஒரு தட்டு வைத்து, இன்னும் ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தட்டில் வடிவதை அளவுங்கள். மீற்றரில் 500 பி.பி.எம். என்பது மண் ஆய்வுகூடக் கணக்கில் ஏறத்தாழ 1 டெசிசீமன் (உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கும் அலகு). எல்லைகளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: போஞ்சிக்கு 1 டெசிசீமனிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேலே ஒவ்வொரு அலகுக்கும் 19 சதவீதம் போகும். மிளகாய் 1.5 வரை தாங்கும். தக்காளி 2.5 வரை தாங்கும், பிறகு அலகுக்கு 10 சதவீதம் அளவில் இழக்கும். கௌபி 4.9 வரை அசையாது. இவை ஆய்வுகூடத்தில் மண்ணை நீரால் நிறைத்து எடுத்த சாற்றுக்கான எண்கள். தட்டில் வடிந்த நீரோடு துல்லியமாகப் பொருந்தா என்றாலும் ஆபத்தைக் காட்ட அது போதும்.

என் சாடிகளை முதன்முதல் அளந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கடலைப் பார்த்து நின்ற பழைய மண் சாடிகள் நன்றாகத்தான் இருந்தன. சுவருக்குப் பின்னால், காற்றே படாமல் நின்ற புதுச் சாடிகளில்தான் 1,800 பி.பி.எம். காரணம் தும்புத்தூள். தென்னை மட்டையை ஊறவைத்துத் தும்பு எடுக்கும் நீரிலிருந்தும் மட்டையிலிருந்தும் சோடியமும் குளோரைட்டும் பொட்டாசியமும் அதில் தங்கிவிடும். கழுவி ஏற்றுமதி செய்யும் தரம் ஒன்று, உள்ளூரில் மலிவாகக் கிடைப்பது இன்னொன்று. மலிவானதை வாங்கினால் வாளியில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்து ஊற்றுங்கள். மூன்று தடவை செய்தால் பிழிந்த நீரின் எண் நன்றாக இறங்கும். இறங்காவிட்டால் நாலாவது தடவையும் செய்ய வேண்டியதுதான்.

ஏற்கெனவே உப்பேறிய சாடிக்கு, சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நீரை அரை மணி நேரமாகச் சிறுகச் சிறுக ஊற்றி வடிய விடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழை இந்த வேலையை இலவசமாகச் செய்யும். அந்த மாதங்களில் சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். பருவக்காற்றுக் காலத்தில் கடல் இரைந்த நாளுக்கு மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் போதும்.

உப்பைக் குறைக்காமல் பங்கசு போடுவது, ஓட்டைப் படகில் இன்னொரு ஆளை ஏற்றுவது மாதிரி.

மூன்றாம் படி: பொசுபரசைக் குறையுங்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இது. மண்ணில் பொசுபரசு தாராளமாகக் கிடைத்தால் செடி பங்கசுவுக்குச் சாப்பாடு போடாது. ஏன் போட வேண்டும்? வாசலிலேயே கிடைப்பதை வாங்கித் தரத் தரகன் எதற்கு? ஆகவே ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை போட்ட சாடியில் பங்கசு வேருக்குள் சரியாகப் பிடிக்காது.

இயற்கைப் பசளை என்றால் பயமில்லை என்று எண்ணுபவர்கள் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, 2022 இல் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த காலத்தில் கோழி எருவுக்குக் கிராக்கி ஏறியது நினைவிருக்கும். அந்தக் கோழி எருவில் பொசுபரசு நிறைய, உப்பும் உண்டு. சாடி மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்க்காதீர்கள். இலைக் கூட்டெரு, மாட்டெரு பரவாயில்லை.

பொசுபரசு கட்டாயம் வேண்டும் என்றால் எப்பாவல பொஸ்பேற்று இருக்கிறது. அநுராதபுரம் மாவட்டத்து அப்பற்றைட் பாறையை அரைத்த தூள். இது மிக மெதுவாகக் கரையும், அதனால்தான் தேயிலை, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அதைப் போடுவார்கள். நமக்கு அந்த மந்தமே நல்லது. 10 லீற்றர் சாடிக்கு ஒரு தேக்கரண்டி தாராளம்.

பங்கசுநாசினியிலும் கவனம் வேண்டும். பெனோமில், கார்பென்டசிம் வகை மருந்துகள் இந்தப் பங்கசுவையும் அடக்கும். ஆராய்ச்சியாளர்கள் பங்கசு இல்லாத நிலத்தை உண்டாக்க வேண்டுமென்றே பெனோமில் ஊற்றுவதுண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய விதைகளில் பெரும்பாலும் மருந்து இருக்கும், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினைப் பற்றிச் சிலர் பெரிதாகக் கவலைப்படுவார்கள். நான் கவலைப்படுவதில்லை.

நான்காம் படி: பங்கசுவை எங்கே எடுப்பது?

பைக்கட்டாக வாங்கலாம். ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ், ஃபனெலிஃபோர்மிஸ் மொசே என்ற பெயர்களோ, குளோமஸ் என்ற பழைய பெயரோ அதில் இருக்க வேண்டும். ஒரு கிராமுக்கு எத்தனை வித்தி, தயாரித்த திகதி என்ன, எந்த வெப்பத்தில் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். பல நாடுகளிலும் கடைப் பைக்கட்டுகளைச் சோதித்தவர்கள், உயிரே இல்லாதவை நிறைய என்று கண்டிருக்கிறார்கள். வெயில் அடிக்கும் கடை முகப்பில் மாதக்கணக்காகத் தொங்கியதை வாங்காதீர்கள். சென்னைக்குப் போய்வரும்போது சூட்கேசில் இரண்டு கிலோ கொண்டுவரலாமே என்று கேட்பவர்களுக்கு: கூடாது. மண்ணும் மண்ணுயிரும் அனுமதியின்றி நாட்டுக்குள் வரக் கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த மண்ணோடு என்ன நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ட்ரைக்கோடெர்மாவை வாங்கி வந்து இதுதான் அது என்று நினைப்பவர்களும் உண்டு. ட்ரைக்கோடெர்மாவும் நல்ல பங்கசுதான். அழுகல் நோய்க்கு எதிராக நிற்கும், வேர் வளரவும் உதவும். ஆனால் அது தனியாகவே வாழக்கூடியது, சோற்றில்கூட வளரும். நாம் பேசும் பங்கசு உயிருள்ள வேர் இல்லாமல் பெருகவே பெருகாது. அதனால்தான் அதைத் தொழிற்சாலையில் எளிதாகப் பெருக்க முடிவதில்லை, பைக்கட்டின் விலை ஏறுவதும் தரம் ஆடுவதும் அதனால்தான்.

இன்னொரு பங்கசுவையும் சொல்லிவிட வேண்டும். இராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் கண்டெடுத்து 1998 இல் விவரித்த பிரிஃபோர்மோஸ்போரா இண்டிகா. இப்போதைய பெயர் செரென்டிபிட்டா இண்டிகா. இது ஆய்வுகூடத் தட்டிலும் வளரும், கோவாக் குடும்பத்தின் வேரிலும் குடியேறும். பார்லியில் உப்பைத் தாங்கவைத்ததாக 2005 இல் ஆய்வு வந்தது. எங்காவது நம்பிக்கையான இடத்தில் கிடைத்தால் கோவாச் செடிக்கு முயன்று பார்க்கலாம்.

என் கட்சி வேறு: நீங்களே பெருக்குங்கள். உள்ளூர் மண்ணில், உள்ளூர் வெயிலில், உள்ளூர் உப்பில் பழகிய பங்கசு பல நேரங்களில் வெளியிலிருந்து வந்ததைவிட நன்றாக நிற்கும்.

ஐந்தாம் படி: தாய் வாளி

தாய் மண், அதாவது பங்கசு ஏற்கெனவே குடியிருக்கும் மண், எடுக்கும் இடம்தான் முக்கியம். பல வருஷமாகக் கொத்தாத, மருந்து படாத, வேர் அடர்ந்த இடமாக இருக்கட்டும். கடல் பக்கத்து வீட்டு முற்றத்தில் பழைய தென்னைக்குக் கீழே புல் அடர்ந்திருக்குமே, அது நல்ல இடம். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, மேல் இலைகளை ஒதுக்கி, 5 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் மெல்லிய வேர்களோடு இரண்டு கைப்பிடி. கடற்கரையில் அடம்பு படர்ந்த மணலிலும் பங்கசு இருக்கும். ஆனால் கரையைப் பிடித்து நிற்பதே அந்தக் கொடி, மணல் அள்ளுவதற்கும் சட்டத் தடை உண்டு. விட்டுவிடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் வாடி இறந்த இடத்து மண்ணைத் தொடவே கூடாது. வாடல் நோய்க் கிருமியும் கூடவே வந்துவிடும்.

ஒரு 10 லீற்றர் வாளி, அடியில் ஐந்தாறு துளை. 7 பங்கு ஆற்று மணல், 2 பங்கு உமிக்கரி, 1 பங்கு தாய் மண். மணலை மட்டும் பழைய பானையில் கொஞ்ச நீரோடு மூடி ஒரு மணி நேரம் ஆவியில் வையுங்கள். ஆறவிட்டு மறுநாள் உமிக்கரியும் தாய் மண்ணும் கலக்க வேண்டும். நான் முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு அவித்தேன். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வாளியில் நாலு சோள விதையும் நடுவில் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயமும் நடுங்கள். நான் சொல்வது நம் ஊர்ச் சோளம், அதாவது தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்பது. இறுங்கு கிடைத்தால் அதுவும் நல்லது. புல் இனத்தைத் தேர்வதற்குக் காரணம் இருக்கிறது: வேர் அடர்த்தியாக வரும், தக்காளிக் குடும்பத்து நோய்களும் அதில் தங்காது.

வாரம் ஒருமுறை, ஒரு லீற்றர் நீரில் 1 கிராம் யூரியாவும் அரைக் கிராம் பொட்டாஷும் கரைத்து, அதில் கால் லீற்றர் ஊற்றுங்கள். பொசுபரசு வேண்டாம். மூன்றாம் வாரத்தில் சோளத்தின் கீழ் இலை கொஞ்சம் ஊதாவாக மாறும், அது பொசுபரசுப் பசி. பதறிப் போய் எருப் போடாதீர்கள். அந்தப் பசிதான் செடியைப் பங்கசுவிடம் போகவைக்கிறது. நாலைந்து வாரத்தில் புது இலைகள் பச்சையாக வந்தால் குடியேற்றம் நடந்துவிட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

10 முதல் 12 வாரம் வளரட்டும். பிறகு தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். செடி காயும்போது பங்கசு எதிர்காலத்துக்காக வித்திகளை நிறைய உண்டாக்கும். இரண்டு வாரம் கழித்து மேல்செடியை வெட்டி எறிந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து, வேர்களை ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக நறுக்கி, மணலோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம். துணிப்பையில் கட்டி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் ஆறு மாதத்துக்குப் பயமில்லை.

காலக்கணக்கு: ஒக்டோபர் தொடக்கத்தில் விதைத்தால் இடைப்பருவ மழையில் சோளம் செழிக்கும், ஜனவரியில் வானம் வெளிக்கும்போது காயவைக்கச் சரியாக இருக்கும். மே மாதத்தில் தொடங்கி ஓகஸ்டில் காயவைக்க முயன்றேன், மழை விட்டால்தானே!

பெரிய அளவில் வேண்டியவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறை இருக்கிறது. ஒரு மீற்றர் நீள அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள குழியில் கறுப்புப் பொலித்தீன் விரித்து, வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத்தை நிரப்பி, ஒரு கிலோ தாய்ப் பங்கசு இட்டு, மக்காச்சோளம் வளர்த்து, 60 நாளில் 55 கிலோ எடுப்பது.

ஆறாம் படி: வேரில் படும்படி வையுங்கள்

மேலே தூவினால் பயனில்லை, இலையில் தெளித்தால் வீண். வளரும் இளவேர் அதைத் தொட வேண்டும்.

நாற்றுத் தட்டே மிகச் சிக்கனமான இடம். நாற்று மண்ணில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். அல்லது விதைக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே மெல்லிய படையாக இடுங்கள். நடும்போது என்றால் குழிக்குள் ஒரு மேசைக்கரண்டி போட்டு, வேர் அதன் மேல் அமரும்படி வையுங்கள். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் எலுமிச்சை, கறிவேப்பிலைச் சாடிக்குத் தடியால் ஐந்து இடத்தில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி போட்டு மூடுங்கள்.

முதல் நாலு வாரம் வழக்கம்போலத் தண்ணீர் விடுங்கள். பங்கசு போட்டாயிற்று, இனிச் செடி தாங்கும் என்று அடுத்த நாளே நீரைக் குறைத்தால் இரண்டும் சாகும். ஐந்தாம் வாரத்திலிருந்து இடைவெளியைச் சிறுகச் சிறுக நீட்டலாம். அளவுகோல் இதுதான்: மத்தியானம் வாடிய இலை, வெயில் இறங்கி ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்தால் பரவாயில்லை. காலையிலும் வாடியே இருந்தால் எல்லை தாண்டிவிட்டது.

சாடியை வெறுமையாக விடக் கூடாது. அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொட்டிப் பரப்பி, வெயிலில் காயவைத்து, சல்லடையில் அரித்து மறுபடி நிரப்புவது இங்கே பலரின் பழக்கம். நோய் வந்த மண்ணுக்கு அது சரி. நல்ல மண்ணை அப்படிச் செய்தால் இழை வலை முழுவதும் அறுந்து போகும். தண்டை மண் மட்டத்தில் வெட்டி, வேரை உள்ளேயே விட்டு, பக்கத்தில் அடுத்த கன்றை நடுங்கள். அடுத்த பயிருக்கு அவகாசம் வேண்டுமென்றால் நாலு கௌபி விதையாவது போட்டுவையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தென்னோலைத் துண்டோ மூடாக்காக இருக்கட்டும்.

ஏழாம் படி: உண்மையில் வேலை செய்கிறதா?

ஒரே விதையிலிருந்து பன்னிரண்டு மிளகாய்க் கன்று. ஆறுக்கு உங்கள் பங்கசு; மற்ற ஆறுக்கு அதே பங்கசுவைக் கொதிநீரில் அவித்து ஆறவிட்டது. ஒன்றும் போடாத சாடியோடு ஒப்பிட்டால், மணலும் கரியும் செய்த வேலையைப் பங்கசுவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். சாடிகளை மாறி மாறி வையுங்கள், ஒரு வரிசை முழுவதும் சுவர் நிழலில் போய்விடக் கூடாது. ஆறாம் வாரத்தில் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் நீரை நிறுத்தி, எது எப்போது வாடுகிறது, தண்ணீர் விட்டபின் எது எப்போது நிமிர்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் மாடியில் அவித்ததைப் போட்டவை இரண்டாம் நாள் காலையிலேயே விழுந்தன; மற்றவையில் நாலு, மூன்றாம் நாள் வரை நின்றன. இரண்டு நிற்கவில்லை. பன்னிரண்டு சாடியை வைத்துப் பெரிதாக ஒன்றும் முடிவுகட்ட முடியாது. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

வெறுங்கண்ணால் பங்கசு தெரியாது. பார்க்கத்தான் வேண்டும் என்றால் உருப்பெருக்கி வேண்டும். வேரைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் வெளிறவைத்து, வினாகிரியும் பேனா மையும் கலந்த கரைசலில் சாயமேற்றும் முறை ஒன்று 1998 இல் வெளியானது. ஆய்வுகூடங்களில் இன்றும் அதைச் செய்கிறார்கள். மையும் வினாகிரியும் சரி, மற்ற இரசாயனம் தோலைப் புண்ணாக்கும். சமையலறையில் வேண்டாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் தெரிந்த ஆசிரியர் இருந்தால் அவரிடம் கொண்டு போங்கள், பிள்ளைகளுக்கும் ஒரு பாடமாக இருக்கும்.

ஊரில் காணி உள்ளவர்களுக்கு

கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கிளிநொச்சியிலோ காணி என்று இருப்பவர்கள் நம்மில் பலர். தோட்டக் கிணறு உவராகி வருகிறது, ஏதாவது வழி உண்டா என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் நல்ல நீர் உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது மேலே வரும். அதைப் பங்கசு நிறுத்தாது, இறைப்பைக் குறைத்தால்தான் உண்டு.

காணி முழுவதும் பங்கசு கொட்ட முடியாது, தேவையும் இல்லை. மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் நாற்றுமேடையிலிருந்துதானே வருகின்றன? மேடையிலேயே சேர்த்துவிட்டால் ஒவ்வொரு நாற்றும் தன் வேரில் அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகும். வெங்காயத்துக்கு நடும் வரியில் இட வேண்டும். இரண்டு போகத்துக்கு இடையில் நிலத்தைத் தரிசாக விடாமல் சணல் விதைத்தால் பசுந்தாளும் ஆகும், பங்கசுவும் பட்டினி கிடக்காது. நெல்லுக்கு இந்த வழி ஒத்துவராது, நீர் நிற்கும் வயலில் பங்கசு மங்கிவிடும். உவர் வயலுக்கு ஏ.ரி. 354 போன்ற உப்புத் தாங்கும் நெல்லினத்தைத் தேடுவதே வழி.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது துணிப்பையில் இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா அதை மோந்து பார்த்துவிட்டு, "வெறும் மண்ணெல்லே இது?" என்றார். மிளகாய் மேடையில் பாதிக்குப் போடுங்கோ, மற்றப் பாதியைத் தொடாதேங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். மாசி முடிவில் ஃபோன் எடுத்தார். வாளிக்கு எத்தனை துளை போடுவது என்று கேட்டார்.